பாதுகாவலர் கையெழுத்து

பேட்டை,
புதன்கிழமை

அன்பு மகள் சுப்ரஜாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை குமரகுருபரனும் பேத்தியும் அந்தக் குவாஹாட்டி மழையில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்கும் உன் தம்பி கணேசுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் திங்கட்கிழமையிலிருந்து ஒரு நிலையில் இல்லை. போனில் சொன்னால் நீ அழுதுவிடுவாய், நானும் பாதியில் வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் கணேசின் பாஸ்புக்கைப் புதுப்பிக்க வண்ணார்பேட்டையில் வங்கிக்குப் போனேன். வழக்கம்போல அவன் பெயருக்குக் கீழே தகப்பனார், பாதுகாவலர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள், "ஐயா, அவங்களுக்கு வயசு முப்பத்திநாலு. பதினெட்டு முடிஞ்சதுமே நீங்க கார்டியன் இல்லையே, நியமிச்ச உத்தரவு இருக்கா?" என்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பள்ளிக்கூட ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் எழுத்தராக இருந்து, சித்தப்பா கையெழுத்து செல்லாது, மாமா கையெழுத்து செல்லாது என்று எத்தனை பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருப்பேன். சொந்தப் பிள்ளைக்குப் பதினாறு வருஷமாக நான் போட்ட கையெழுத்து எதுவும் செல்லாது என்பது எனக்கே தெரியவில்லை பார். பெற்றவன் என்றால் போதும் என்று இருந்துவிட்டேன். விசாரித்ததில், வயது வந்தும் நம் கணேசைப் போலத் தன் காரியத்தைத் தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்குக் கலெக்டர் ஆபீஸில் ஒரு குழு இருக்கிறதாம், அதுதான் பாதுகாவலரை நியமிக்குமாம். உடனே மனு எழுதினேன். பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயர், எனக்குப் பிறகு யார் என்ற இடத்தில் உன் பெயர். உன்னைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, அக்காள்தானே என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை விசாரணைக்குக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம். நீ எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கணேசு வந்தான். குழுவில் இருந்த அம்மா ஒருவர், அதிகாரி, என்னை விட்டுவிட்டு நேரே அவனிடம், உன்னை யாரப்பா பார்த்துக்கொள்கிறார் என்று கேட்டார். அப்பா என்று சொல்லப்போகிறான் என்று நான் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அப்பாவ நான்லா பாத்துக்கிடுதேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிக்காதிய. காலைல வெள்ள மாத்திர, சாயங்காலம் செவப்பு மாத்திர, நான்தான் எடுத்துக் குடுக்கேன். கேஸ் அடுப்பத் தொறந்து போட்டுட்டுப் போயிருதாவ, நான்தான் மூடுதேன். பஸ்ஸுல பேட்டைல எறங்காம சேரன்மகாதேவி வரைக்கும் போயிட்டாவ, அப்பாவுக்கு எங்கன நிக்கோம்னே தெரியல. நான்தான் பையப் பைய கையப் பிடிச்சிக் கூட்டிட்டு வந்தேன்" என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னான்.

சேரன்மகாதேவிக்கு ஆற்றைப் பார்க்கத்தான் போனோம் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன் சுப்ரஜா. உன்னிடமும் போனில் அப்படித்தான் சொன்னேன். கேஸ் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, முதலில் டாக்டரைப் பாருங்கள் ஐயா, உங்கள் மனுவைப் பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு உன் பெயரைக் காட்டி, இவர்கள் சம்மதக் கையெழுத்து எங்கே என்று கேட்டார். முப்பத்தொரு வருஷம் நான் கேட்ட கேள்வி.

எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை நினைத்து இல்லை. எனக்கு எல்லாம் மறந்துபோன பிறகு, இப்படி ஒரு பிள்ளை இருக்கிறான் என்று யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? சம்மதப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அக்காள் என்பதற்காக அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதே, இது ஆயுசுக்கும் உள்ள காரியம். மாப்பிள்ளையிடம் பேசு. முடியாது என்றால் முடியாது என்றே எழுது, கோபப்பட மாட்டேன். பட்டாலும் மறந்துவிடுவேன். பேத்திக்குத் தலைக்கு ஊற்றினால் ஈரம் போகத் துவட்டு. காந்திமதி அம்மன் உங்கள் மூன்று பேருக்கும் ஒரு குறையும் வைக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டாக்டரிடம் போக வேண்டும், கணேசு என்னைக் கூட்டிக்கொண்டு போகிறான்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
ஆவுடைநாயகம்

பி.கு.: விலாசம் எழுதியதும் கணேசு உன் பழைய உறையைப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தான். பின்கோடில் ஒரு எண்ணை விட்டிருக்கிறேன். கடைசியில் கோணலாக இருக்கும் அந்த ஏழு அவன் எழுதியது.