கருகிய தட்டுக்கும் பொட்டு

ஆடிட்டரம்மா,

நான் செய்த ஆராய்ச்சியை 'எந்திரம் வாங்கியது' என்று கணக்கில் எழுதிவிட்டார்கள். வாங்கவில்லை, செய்தேன். எழுதியவர், உங்களுக்குப் பிறகு உத்தமபாளையம் அலுவலகத்தை எடுத்து நடத்தும் புது ஆடிட்டர். பட்டறைக்கு வரவில்லை, என்னைக் கேட்கவும் இல்லை. போனில் என் மகனிடம், "ஆராய்ச்சின்னு வரிச் சலுகை கேட்டா நோட்டீஸ் வரும், எதுக்கு வம்பு? எந்திரம்னு போட்டா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாக" என்றிருக்கிறார். இவனும் சரியென்றுவிட்டான். ஆராய்ச்சி என்றால் முழுச் செலவையும் அந்த ஆண்டே வருமானத்தில் கழிக்கலாம், எந்திரம் என்றால் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்று எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள்தானே.

இதை எழுதும்போது பட்டறை முழுக்கக் கருகிய ஏலக்காய் வாடை. காலையில் உலர்த்தும் எந்திரத்தில் வைத்துப் பார்த்த சோதனையில் அடித்தட்டு தீய்ந்துவிட்டது. இந்த வாடை வந்தால், முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டு நீங்கள் முதன்முதலாக இங்கே நுழைந்த நாள் வந்துவிடுகிறது.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் அது. அல்லிநகரத்தில் எல்லாப் பட்டறைகளிலும் நடப்பதுதான் இங்கேயும் நடந்துகொண்டிருந்தது. சரியாக வராத சாமான் ஒன்றுகூடக் கண்ணில் படக் கூடாது. எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு, சுவருக்கு வெள்ளையடித்துப் பூஜை போடவேண்டும். ரசீதுகளை வாங்கிப்போக வந்த நீங்கள், பழைய இரும்புக்காரரின் வண்டியை மறித்துக்கொண்டு நின்றீர்கள்.

"ஏண்ணே, இதெல்லாம் என்ன?"

"ஏலக்காய் காய வைக்க ஒரு எந்திரம் பண்ணிப் பார்த்தேன், உருப்படல. அடித்தட்டு கருகுது, மேல்தட்டு ஈரமாவே கெடக்கு. நெருப்பைக் கொறச்சா கூடுதலா ஒரு நாள் பிடிக்குது, கூட்டுனா பச்சை நெறம் போயிருது."

"ஆரம்பிக்கும்போது சரியா வரும்னு தெரியுமா?"

"தெரிஞ்சா எதுக்குத் திரும்பத் திரும்பப் பண்றேன்?"

"அப்ப இதுதாண்ணே ஆராய்ச்சி. சாட்சியைப் பூராம் எடைக்குப் போடுறீகளே."

"ஆராய்ச்சின்னா வெள்ளைக் கோட்டுப் போட்டவுக பண்றது. என்னையக் கேலி பண்றீகளா?"

"வேணும்னா ஒரு கோட்டுத் தச்சுப் போட்டுக்கங்க. ஆனா அதுக்குச் சலுகை கேக்க மாட்டேன்."

இரும்புக்காரர் பொறுமை இழந்துவிட்டார். "யம்மா, ஏத்துறதா எறக்குறதா? நான் பெரியகுளம் போகணும்." நீங்கள் சிரித்துக்கொண்டே, "எறக்குங்கண்ணே" என்றீர்கள். அவர் என்னைத் திட்டிக்கொண்டே இறக்கினார்.

யாரிடமும் போய்ப் படிக்காமல், பிரித்தும் மாட்டியும் நானாகக் கற்றுக்கொண்ட தொழில் இது. அதை ஒருவர் ஆராய்ச்சி என்றதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. அடுத்த ஆண்டு காம்பவுண்டுச் சுவரையும் ஆராய்ச்சிக் கணக்கில் சேர்க்கச் சொன்னேன். "சொவத்துல என்னத்தண்ணே கண்டுபிடிச்சீக?" என்றீர்கள். நான் முறைத்தேன். "கேக்கக் கூடாததை விட்டாத்தான், கேக்க வேண்டியதை நிமிந்து கேக்க முடியும்" என்று சொல்லிவிட்டு, சுவர் ரசீதை என் சட்டைப்பையிலேயே திருப்பிச் செருகினீர்கள்.

பிறகு, இது எப்படி ஆராய்ச்சி என்று கேட்டு நோட்டீஸ் வந்தது. சலுகையே வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடலாம் என்றேன். நீங்கள் பட்டறைக்கு வந்து என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, அதிகாரி மாதிரியே கேட்டீர்கள். எது தெரியாமல் இருந்தது? எதை மாற்றிப் பார்த்தீர்கள்? என்ன ஆயிற்று? நான் ஒவ்வொரு முறையும் கோபமாகவே ஆரம்பித்தேன். "கோவத்தை வாசல்ல வச்சுட்டுப் பதிலை மட்டும் எடுத்துட்டு வாங்கண்ணே" என்று மறுபடியும் முதலிலிருந்து கேட்டீர்கள். எத்தனையோ பேரின் கணக்கு உங்கள் மேசையில் காத்திருந்த நாள் அது.

தேனி வருமான வரி அலுவலகத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்தும் வாயைத் திறக்கவில்லை. கருகிய தட்டை மேசையில் வைத்து நானே சொன்னேன். அதிகாரி தட்டைத் தடவிப் பார்த்தார், விரலில் ஒட்டிய கரியைத் துடைக்க மறந்து மேலும் மேலும் கேட்டார். கடைசியில் ஒப்புக்கொண்டார். மோட்டாரை மட்டும், அன்றாட வேலைக்கும் ஓடுகிறது என்று வெட்டிவிட்டார். அது அநியாயம் என்றேன், நியாயம் என்றீர்கள். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்தப் படியில் இறங்கும்போது, இத்தனை காலம் நான் செய்துவந்த வேலைக்கு முதல் முறையாக ஒரு பெயர் இருந்தது.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குப் பொரிகடலை வாங்க வந்தபோது, "செயிச்சதுக்கு மட்டுந்தான் பொட்டா?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து கருகிய தட்டுகளுக்கும் சந்தனம் உண்டு.

உங்களை அடக்கம் செய்த அன்று ஜனாஸாவுக்கு வந்திருந்தேன். பள்ளிவாசலுக்கு வெளியே நின்றவர்கள் பலர் உங்களிடம் கணக்குப் பார்த்தவர்கள். வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர், "நோட்டீஸ் வந்தா இனி யாருக்குப் போன் போடுறது?" என்றார். அதற்குப் பதில் என்னிடம் இப்போது இருக்கிறது.

கணக்குத் தாக்கல் செய்ய இன்னும் நாள் இருக்கிறது. புது ஆடிட்டர் பட்டறைக்கு வந்து இந்த வாடையை முகரவேண்டும், பிறகு எழுதட்டும். காம்பவுண்டுச் சுவர் மாதிரி எதையும், எனக்கு மனசில்லாவிட்டாலும் மோட்டாரையும், அவர் சேர்க்கக் கூடாது. தட்டுகளை எடைக்கு ஏற்றிப்போக வண்டி பேசியிருக்கிறான் என் மகன், அவனே அதை வேண்டாமென்று சொல்லவேண்டும். நோட்டீஸ் வந்தால் பதில் சொல்லப்போவதும் அவன்தான். அவனை ஸ்டூலில் உட்கார வைத்து உங்கள் மூன்று கேள்விகளையும் கேட்பது என் பொறுப்பு. கொடிக்கால்காரரும் வரலாம், ஸ்டூல் இருக்கிறது. சந்தனம் கரைத்து, காலையில் கருகிய தட்டுக்குப் பொட்டு வைப்பது என் வேலை.