பென்சிலில் எழுதியதெல்லாம்

மார்ச் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. புத்தகம் வந்தது. அட்டையில் உன் பேருக்கு மேலே என் பேரைப் பார்த்துக் கொஞ்சம் பூரித்துத்தான் போனேன். மூன்றாம் பாடத்தைத் திறந்ததும் அந்தப் பூரிப்பு போச்சு.

சின்ன வயதிலிருந்து நம் வழக்கம் மறந்துபோச்சா? நிச்சயமானது பேனாவில், சந்தேகம் பென்சிலில். இந்த ஒன்பதாம் வகுப்பு இயற்பியலையும் அப்படித்தானே எழுதினோம், நீ பேனா, நான் பென்சில்? அச்சகத்தில் என்ன சொல்லித் தொலைத்தாய்? என் வரி ஒன்றுகூட இல்லையே!

'விசை எதுவும் செயல்படாத பொருள் நேர்கோட்டில் சீராகப் போகும்.' சரி. அதன் கீழே கேட்டிருந்தேன்: விசை இல்லையென்று எப்படித் தெரியும்? நேராகப் போகிறதே என்பாய். ஏன் நேராகப் போகிறது? விசை இல்லையே என்பாய். அப்படியானால் இது இயற்கையின் விதியா, விசை என்ற வார்த்தைக்கு நாமே வைத்துக்கொண்ட அர்த்தமா? பெரிய பெரிய ஆட்களே மல்லுக்கட்டுகிற இடம்டா இது. பிள்ளைகள் கேட்டால் என்ன குடி முழுகிப்போகும்?

தள்ளாமல் எதுவும் நகராது என்று இரண்டாயிரம் வருஷம் நம்பினவர்கள் மடையர்கள் இல்லை, பெட்டியைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் நிற்கத்தானே செய்கிறது என்றும் எழுதியிருந்தேன். அதுவும் போச்சு.

கோபத்தோடு,
அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். 'அத்தை எப்போப்பா வருவாங்க?' என்று பாப்பா கேட்டாள்.

'பேனாவில் இருப்பது மட்டும் போதும்' என்று அச்சகத்தில் சொன்னது நான்தான். தெரிந்தேதான் சொன்னேன். பாடநூல் குழு இரண்டு தடவை திருப்பி அனுப்பியதே, ஞாபகம் இருக்கா? "பிள்ளைகளுக்குப் பாடம் சொல்றீங்களா, குழப்பி விடறீங்களா?" என்று மூஞ்சிக்கு நேரே கேட்டார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். நீ வீட்டில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாய். முதலில் கணக்குப் போடக் கற்றுக்கொள்ளட்டும், சந்தேகமெல்லாம் அப்புறம் படலாம். உன் பிடிவாதத்துக்கு ஒரு அளவே கிடையாதா?

தம்பி

மார்ச் 16

தம்பி,

என் பேரை எடு.

அக்கா

ஜூலை 2

அக்கா,

நீ பதில் போட மாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். மனசு ஆறவில்லை.

பாப்பா இந்த வருஷம் ஒன்பதாவது. நம் புத்தகம்தான். வகுப்பில் எழுந்து, "விசை இல்லேன்னு எப்படி மிஸ் தெரியும்?" என்று கேட்டிருக்கிறாள். சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகக் கேட்டது. அதிகப்பிரசங்கி என்று மணி அடிக்கிறவரை வெளியே நிற்க வைத்துவிட்டார்கள்.

விடுவேனா? மறுநாளே ஆசிரியர் அறைக்குப் போய்க் கத்தினேன். அந்த மிஸ் பதிலுக்குக் கத்தவில்லை. புத்தகத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். "நீங்க எழுதினதுதானே சார்? இதுல அந்தக் கேள்வி எங்கே இருக்கு, காட்டுங்க."

பாப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்: "அத்தையும் சேர்ந்துதானே எழுதினாங்க? அவங்களுக்குமாப்பா இது தோணல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன்னிடம் இருக்கும் அந்தப் பென்சில் பக்கங்களை எனக்கு அனுப்பு. அடுத்த பதிப்பில் சண்டை போட்டுப் பார்க்கிறேன்.

தம்பி

ஜூலை 8

தம்பிக்கு,

குழுவுக்குப் பயந்தாய், பொறுத்துக்கொண்டிருப்பேன். அட்டையில் என் பேர் இன்னும் கிடக்கிறது, அதைக்கூட விடு. ஆனால் அந்தக் குழந்தை கேட்டபோது, "அத்தைக்குத் தோணுச்சு, நான்தான் எடுத்துட்டேன்" என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? பஸ்ஸில் எந்தக் குழு உட்கார்ந்திருந்தது? என்னை அவள் முன்னால் மக்காக்கிவிட்டு ஜன்னலைப் பார்த்தாயாக்கும்!

பக்கங்களை அனுப்பிவிட்டேன், உனக்கில்லை. உறைமேல் அவள் பேர்தான் இருக்கிறது. நீ பிரிக்காதே. அவளே படிக்கட்டும், அவளே யாரிடம் வேண்டுமானாலும் கேட்கட்டும். இனி எனக்கு எழுதுவதென்றால் அவள் எழுதட்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அத்தை