இரண்டுக்குக் கீழே

ஜூலை 9

ரத்தப் பரிசோதனை. 1.7.

மூன்றையொட்டி இருக்க வேண்டிய எண். இறங்கினால் ரத்தம் எளிதில் உறைகிறது என்று பொருள். நெஞ்சுக்குள் இருக்கும் உலோக வால்வில் கட்டி உட்காரலாம். கல்லூரி இரண்டாம் ஆண்டில் வைத்த வால்வு. அதற்காகத் தினமும் ஒரு மாத்திரை, ஆயுளுக்கும். ஒரு நாளும் விட்டதில்லை.

பிறகு ஏன் 1.7?

ஜூலை 12

சென்னை. மருத்துவர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மாத்திரை விட்டுப்போச்சா?"

"இல்ல டாக்டர்."

"நடுவுல ஒரு நாள், ரெண்டு நாள்?"

"இல்ல."

நம்பவில்லை. அளவைக் கூட்டி எழுதினார். மணியும் நானும் குழந்தையைப் பற்றிக் கேட்டோம். முன்பு சொன்னதேதான்: இந்த மாத்திரை கருவின் முதல் மாதங்களுக்கு ஆகாது, நிறுத்தினால் எனக்கு ஆகாது. எண் நிலையாக நின்ற பிறகு முயலலாம். நாள் தள்ளினால் அன்றே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும், ஊசிக்கு மாற்றுவார்கள். "இரண்டுக்குக் கீழ இருக்கிற வரைக்கும் தள்ளிப்போடுங்க."

தள்ளிப்போடு. கல்யாணமானதிலிருந்து வேறென்ன செய்கிறோம்?

திரும்பும் ரயில் அரக்கோணத்தைத் தாண்டியது. மணி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு: "நெட்ல படிச்சியே, அந்த மாத்திரையால கொழந்தைக்கு ஊனம் வரும்னு. அத படிச்சிட்டு எதுனா..."

"எதுனா?"

"ஒண்ணுமில்ல வுடு."

ஜூலை 13

நிறுத்திவிடலாமா என்று நினைத்தது உண்மை. நிறுத்தவில்லை.

நினைப்பு ரத்தத்தில் தெரியுமா?

ஜூலை 21

நான் குளிக்கும்போது மணி மாத்திரை அட்டையை எண்ணுகிறான். கதவு இடுக்கில் பார்த்தேன். ஈரத் தலையோடு அப்படியே நின்றேன்.

ஜூலை 26

1.5.

கூட்டிய பிறகும் இறங்குகிறது. பரிசோதனைக் கூடத்துப் பெண்கூட, "ஒழுங்கா போடுங்க மேடம்" என்கிறாள்.

ஆகஸ்ட் 2

"என் முன்னாடி முழுங்கு" என்றான்.

விழுங்கினேன்.

"நாக்கத் தூக்கு."

தூக்கினேன். ஏன் தூக்கினேன்? பல்கலைக்கழகத்தில் அதிகாரத்தைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினேன். இங்கே அடுப்பங்கரையில் வாயைத் திறந்து நிற்கிறேன், அவன் செல்போன் விளக்கை அடித்துப் பார்க்கிறான்.

பிறகு கத்தினேன். நான் இன்னா கைதியாடா? அத்தை கூடத்தில் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

ஆகஸ்ட் 15

ஆடிக் கிருத்திகைக் கூட்டம். தெரு முழுக்கக் காவடி, பம்பைச் சத்தம், ஆட்டோ கிடையாது. அம்மையார்குப்பத்திலிருந்து அத்தையின் அக்கா ஜெயம்மாள் வந்திருக்கிறார். வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறவர்; பேச்சும் தறிச் சத்தத்துக்கு மேலேதான். அடுப்பங்கரையிலிருந்து என் அறைவரை கேட்டது.

"ஏண்டி சந்திரா, முருங்கப் பொடி தீந்துடுச்சா? நாளு தள்ளிச்சா அவளுக்கு?"

தினமும் காலையில் எனக்குத் தனியாக ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ். ஜூன் மாதத்திலிருந்து. பாசமென்று நினைத்துக் குடித்தேன். எழுந்து அடுப்பங்கரைக்குப் போனேன்.

"கீர எனக்கு ஆகாதுன்னு சொன்னேனே அத்தே. அது மாத்திரைய வேல செய்ய வுடாது."

"கீரதான ஆகாது? இது பொடி." அத்தையின் முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜெயம்மாள் விடவில்லை. "எந்த ஊர்லடி முருங்க ஆகாதுன்றாங்க? எங்க தறிக்கு வர்ற பொண்ணுங்களுக்கு இதான் குடுத்தேன். வரிசையா பெத்துகினு கெடக்கறாளுங்க."

"அவங்க நெஞ்சில இரும்பு இல்ல பெரியம்மா."

அத்தை பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டினார்.

ஆகஸ்ட் 16

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். பொடியை நிறுத்திய கையோடு கூட்டிய அளவையும் குறைக்க வேண்டுமாம். இல்லையென்றால் எண் எகிறி ரத்தக் கசிவு வரும். திங்கட்கிழமை மறுபடி பரிசோதனை. தப்பைத் திருத்துவதற்குக்கூட மருத்துவரைக் கேட்க வேண்டிய உடம்பு.

மணி மன்னிப்புக் கேட்கவில்லை. மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினான். நான் விழுங்கும்போது திரும்பிக்கொண்டான்.

போதாது.

செப்டம்பர் 20

நேற்று 2.8.

யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் வைத்திருந்தேன்.

அக்டோபர் 18

2.9. எக்கோவும் எடுத்தார்கள். "இனி முயற்சி பண்ணலாம்" என்றார் மருத்துவர். பயம் எங்கெல்லாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்: ஊசிக்கு மாறினாலும் வால்வுக்கு முழு உத்தரவாதம் இல்லை, கரு தங்காமலும் போகலாம். மணி தலையாட்டிக்கொண்டே இருந்தான். வெளியே வந்து, "நீ வேணாம்னா வேணாம்" என்றான்.

இதை ஜூலையில் சொல்லியிருக்கலாம்.

வேணும் என்றேன்.

டிசம்பர் 4

இரண்டு கோடு.

முதல் போன் மருத்துவமனைக்கு. "மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, நாளைக்கே வாங்க" என்றார் செவிலியர். இரண்டாவதாக மணிக்கு. மூன்றாவதாகத்தான் அத்தை.

"எனக்கு முன்னால ஆஸ்பத்திரிக்கா?"

"ஆங். ஆஸ்பத்திரிக்குத்தான்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனார் அவர். நானும் இறங்கிப்போகவில்லை.

டிசம்பர் 6

நேற்று மருத்துவர் மாத்திரையை நிறுத்தி ஊசிக்கு மாற்றினார். காலையும் இரவும், தொப்புளுக்குப் பக்கத்தில். வாராவாரம் ரத்தம். நாலாவது மாதம் மாத்திரைக்குத் திரும்பலாமா என்று பிறகு பார்ப்பார்களாம்.

டிசம்பர் 13

ஊசி போட்ட இடம் காந்துகிறது. எரிச்சலாக வருகிறது, எல்லார் மேலும்.

டிசம்பர் 19

காலை வலது பக்கம். இரவு இடது. வயிறெல்லாம் நீலம்.

மணி வேலையாகப் பள்ளிப்பட்டு போயிருக்கிறான், வரத் தாமதமாகும். ஊசி நேரத்துக்கு அத்தை வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"எங்க குத்தறது, காட்டு."

நீலத்துக்குத் தள்ளி ஓரிடம் காட்டினேன். ஊசியை வாங்கியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறங்க அத்தே."

"தொறந்துகினுதான் இருக்கேன்."

ஊசியை வாங்கி நானே போட்டுக்கொண்டேன். முடிகிறவரை என் டாப்ஸைத் தூக்கிப் பிடித்திருந்தார், கண்ணைத் திறக்காமல்.