கோழி நாற்காலி

செப்டம்பர் 3, புதன்

புழுக்கம். ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

பாகூர் கொம்யூன் (எங்கள் பஞ்சாயத்து) வணிகர் வட்டத்தின் வரலாற்றில் இன்று ஒரு திருப்புமுனை. பொட்டலத்தில் ஆறிப்போய் வரும் வடையை ஒழித்து, கூட்டம் நடக்கும் இடத்திலேயே அடுப்பு வைத்து, சுடச்சுட போண்டா போடுவது என்று தீர்மானம். முன்மொழிந்தவர் தலைவர் க.பெ. (கலியபெருமாள், கல்யாண மண்டபம்). வழிமொழிந்தவன் செயலாளராகிய நான் (அச்சகம்). எதிர்த்தவர் பல் டாக்டர் மட்டும். அவருக்கும் கொள்கை வேறுபாடு இல்லை, கெட்டிச் சட்னி வேண்டுமாம். திருத்தத்துடன் நிறைவேறியது. கைதட்டல்.

வட்டத்தின் நோக்கம் எளிது. பெயின்ட் கடைக்காரருக்குப் பல் வலித்தால் நம் டாக்டர். டாக்டர் வீட்டுச் சுவருக்கு நம் பெயின்ட். ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலி. புதன்தோறும் ஆளுக்கு ஒரு நிமிடம் தன் தொழிலைப் பற்றிப் பேசலாம். அந்த நிமிடத்தில் யாரும் குறுக்கிடக் கூடாது. கடிகாரம் என் கையில். வட்டத்தின் இறையாண்மை முழுவதும் என் கட்டைவிரலில் என்று சொல்லலாம்.

இதர அலுவல்: ஒரு மனு. கோழி நாற்காலியில் இருப்பவர் அய்யனார், கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப் அருகே கறிக்கடை. மண்டபத்து விருந்துக்கெல்லாம் அவர் கோழிதான். அதே நாற்காலி கேட்டு சுகுமார் வந்திருக்கிறான். எதிர்ச்சாரியில் புதிதாகக் கோழிக்கடை போட்டவன். அய்யனாரின் மனைவிக்குத் தம்பி. போன பொங்கல் வரை மாமா கடையில் கோழி வெட்டியவன்.

அய்யனார்: "ஒரு தொழிலுக்கு ஒரு சேருன்னு நீங்கதான சொன்னீங்க? அதுல நான் குந்திக்கினு இருக்கேன்."

சுகுமார்: "இன்னா மாமா, சேரையும் எங்க வூட்டு சீர்லதான் வாங்கினியா?"

மனு ஒத்திவைப்பு.

செப்டம்பர் 4, வியாழன்

மதியம் வரை கரண்ட் இல்லை. எனவே சிந்தனை.

அஞ்சலாட்சி வந்தார். அய்யனாரின் மனைவி, சுகுமாரின் அக்கா. கடையில் கோழி வெட்டுவது உண்மையில் இவர்தான். அய்யனார் கல்லாவில் இருப்பார், புதன்கிழமை வந்து கைகுலுக்குவார்.

"ரெண்டு கடையும் நிக்கணும்ணே. ஒன்னு புருஷன் கட, ஒன்னு தம்பி கட. எவன் கட படுத்தாலும் அவன் வந்து என் மேலதான் வுழுவான். நீங்க படிச்சவரு. எதுனா பண்ணுங்க."

யோசிப்பதாகச் சொன்னேன். போகவில்லை.

"அப்புறம் எனக்கு ஒரு கார்டு அடிச்சிக் குடுங்க. அவருக்கு மட்டும் பளபளன்னு மூஞ்சி போட்டு குடுத்தீங்களே. வெட்றது நானு, மூஞ்சி அவுரா?"

நியாயம். எங்கள் கொம்யூனில் முகம் இல்லாமல் எதுவும் விற்காது. சிமென்ட் மூட்டைக்கு முதலாளி முகம். காது குத்துக்குத் தாய்மாமன் முகம். இறந்தவருக்கு அவர் முகமும், கீழே வருந்துவோர் முகங்களும் வரிசையாக. என் அச்சகம் இந்தத் தத்துவத்தின் மேல்தான் நிற்கிறது. ஸ்டுடியோவில் படம் எடுத்து வரச் சொன்னேன்.

"சிரிக்கணுமாண்ணே?"

"கொஞ்சமாக."

சாயங்காலம் கரண்ட் வந்தது. சிந்தனை நின்றது.

செப்டம்பர் 6, சனி

வெயில். வாங்க வேண்டியவை: மை, பசை, கொசுவத்தி.

நேற்று சுகுமாரின் புதுக் கடைக்குப் பேனர் அடித்துக் கொடுத்தேன். பேனரில் பாதி அவன் முகம். பஸ் ஸ்டாப் கம்பத்தில், அய்யனார் கடைப் பலகையை மறைப்பதுபோல் கட்டினார்கள். காலையில் பார்த்தால் கழுத்தில் ஒரே வெட்டு. தலை தனியாகத் தொங்குகிறது. பிசிறில்லாத வெட்டு, தொழில் தெரிந்த கை.

பத்து மணிக்கு சுகுமார்: "அண்ணே, இதே மாரி இன்னொன்னு. மூஞ்சி இன்னும் பெருசா."

மதியம் அய்யனார் கடை ஷட்டரில் தலையில்லாத கோழி ஒன்று தொங்கியது. பலகையில் அவர் முகத்தின் மேல் குடலும் இறகும் அப்பியிருந்தது. மாலைக்குள் அவரும் புதுப் பலகைக்குச் சொல்லிவிட்டார்.

விளம்பரம் என்றால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்று படித்திருக்கிறேன். ஒரே நாளில் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

மனைவி: "அவனுங்க வெட்டிக்கினு சாவட்டும், நீங்க அடிச்சிக் குடுத்துக்கினே இருங்க."

கொசுவத்தி மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பல் விளக்கும்போது விடை கிடைத்தது. வகைப்பாடு! மனித நாகரிகம் அதில்தான் தொடங்கியது. பிராய்லர் கோழி ஒரு தொழில், நாட்டுக்கோழி வேறொரு தொழில். நடை வேறு, எலும்பு வேறு, வேகும் நேரம் வேறு. இரண்டு தொழில், இரண்டு நாற்காலி. விதி உடையவில்லை, யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை.

க.பெ.க்குப் போன் செய்தேன். "நீ எங்கியோ இருக்க வேண்டிய ஆளுய்யா" என்றார். இதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். எங்கே என்று யாரும் சொன்னதில்லை.

செப்டம்பர் 10, புதன்

மேகம், மழை இல்லை.

போண்டா பெருவெற்றி. அடுப்பை மேடைக்குப் பக்கத்திலேயே வைத்தது க.பெ.யின் யோசனை. வாசனை இருக்கும்வரை ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள் என்றார். போகவில்லை. சட்னி கெட்டி. டாக்டர் திருப்தி.

என் வகைப்பாடு ஒருமனதாக ஏற்கப்பட்டது. பிராய்லர் நாற்காலி அய்யனாருக்கு, நாட்டுக்கோழி நாற்காலி சுகுமாருக்கு. இருவரும் கைகுலுக்குவதைப் படம் பிடித்தோம். படத்தில் இருவரும் மற்றவர் கையைத்தான் பார்க்கிறார்கள்.

அய்யனார்: "இவன் கூண்டுல ஒரே ஒரு நாட்டுக்கோழிய காட்டச் சொல்லுங்க. நான் தொழிலயே வுட்டுட்றேன்."

அவர் நிமிடம் முடிந்துவிட்டது என்று சுட்டிக்காட்டினேன். அடுத்த வாரம் தன் நிமிடத்தில் சொல்லலாம். ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார். விதி வேலை செய்கிறது.

கடைசியில் க.பெ. அறிவிப்பு. அடுத்த புதன் விருந்தினர் நாள், எல்லோரும் ஒரு விருந்தினரை அழைத்துவர வேண்டும். அன்றைக்குத்தான் புரட்டாசி பிறக்கிறது. ஊரில் பாதிப் பேர் கவுச்சி தொட மாட்டார்கள், கோழிக்கடைகள் ஈ ஓட்டும். ஆனால் வில்லியனூர்ப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் நம் மண்டபத்தில் கல்யாணம் வைத்திருக்கிறது. அவர்களுக்குப் புரட்டாசி இல்லை, ஊர் முழுக்கக் கறிச்சோறு. அந்த ஆர்டர் யாருக்கு என்று அன்று சொல்வாராம்.

பிராய்லரும் நாட்டுக்கோழியும் ஒரே நேரத்தில் நாற்காலியின் நுனிக்கு வந்தன.

செப்டம்பர் 12, வெள்ளி

விடிய விடியத் தூறல்.

சுகுமாரின் கூண்டுகளை யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள். கோழிகள் கடலூர் ரோட்டில். முதல் பஸ் நிற்கவில்லை, பின்னால் வந்த லாரியும் நிற்கவில்லை. மழைத் தண்ணீர் சிவப்பாக ஓடி என் கடை வாசல்வரை இறகு.

டீக்கடையில் கேட்டது:

"நாட்டுக்கோழியா இருந்தா பறந்திருக்கும்பா."

"பறக்கலியே."

"அப்ப இன்னா கோழி?"

"செத்த கோழி. டீய குடி."

சுகுமார் ரோட்டைக் கடந்துபோய் மாமாவின் தராசுக் கல்லாலேயே மாமாவின் நெற்றியில் அடித்தான். விழுந்தவரை மிதித்தான். அஞ்சலாட்சி கோழி வெட்டும் கத்தியோடு ஓடிவந்து, கத்தியைத் தூரப் போட்டுவிட்டு, தம்பியின் முடியைப் பிடித்து இழுத்தார். அய்யனாருக்குத் தையல். மதியம், சுகுமாரின் வண்டி நிறுத்திய இடத்திலேயே எரிந்தது.

இரண்டு தரப்பும் புகார் கொடுக்கவில்லை. சொந்தக்காரர்கள்.

மடுகரை பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழில் "சிறப்பு விருந்தினர்" இரண்டு தடவை வந்திருக்கிறது. திருத்த வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வெயில். கடைக்கு லீவு, ஆனாலும் திறந்தேன்.

அஞ்சலாட்சி ஸ்டுடியோ படம் கொண்டுவந்தார். மூக்குத்தி, நெற்றியில் சின்னதாகப் பொட்டு, கதம்பம் முன்னால் தெரிகிறாற்போல். கொஞ்சமாகச் சிரித்திருக்கிறார். நல்ல படம். கணினியில் அட்டையில் பொருத்திக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா இது? கோழிக்கடக்காரி மாரியே இல்லியே."

"கடை பெயர் கீழே வரும்."

புதன்கிழமை அய்யனாரின் விருந்தினர் இவர்தானாம்.

"அவருக்கு வேற எவன்ணே வருவான்? நானே கேட்டுதான் வரேன். ரெண்டு பேருக்கும் நடுவுல குந்திக்கிறேன். என்ன வெச்சிக்கினு அடிச்சிக்க மாட்டானுவ."

அட்டையைப் புதனுக்குப் பிறகு அடிக்கலாம் என்றேன். ஆர்டர் கிடைத்தால் "திருமண விருந்துகளுக்கு" என்று ஒரு வரி சேர்க்கலாம்.

"யாருக்கு கெடைச்சா இன்னாண்ணே. வெட்டப்போறது நான்தான்."

செப்டம்பர் 17, புதன். புரட்டாசி 1

காலையில் நல்ல காற்று.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

வந்தவர்கள் நிறைய. அடுப்பை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தியிருந்தார்கள். அஞ்சலாட்சி பட்டுப் புடவையில், சொன்னபடியே நடுவில். இடப்பக்கம் நெற்றிக் கட்டோடு புருஷன். வலப்பக்கம் தம்பி.

க.பெ. ஆர்டரை அறிவித்தார். கல்யாணப் பெண்ணின் அப்பா நாட்டுக்கோழிக் குழம்புதான் வேண்டும் என்கிறாராம். ஆகவே சுகுமாருக்கு. கைதட்டல். நானும் தட்டினேன்.

பிறகு நிமிடங்கள். பெயின்ட், பல், அய்யனார்.

அய்யனார்: "எல்லாருக்கும் வணக்கம். என் மச்சான் விக்கறது நாட்டுக்கோழி இல்ல. பண்ணையில முட்ட வுட்டு ஓஞ்சிபோன லேயர் கோழி. அத்த வாங்கியாந்து மஞ்சள் தேச்சி நாட்டுக்கோழின்னு விக்கிறான். அந்தக் கல்யாணத்துல நீங்கல்லாம் கெழட்டுக் கோழிதான் துன்னப்போறீங்க."

சுகுமார் எழுந்தான். "யோவ் மாமா, வாய மூடு."

நான் கையை உயர்த்தினேன். ஒருவர் நிமிடத்தில் இன்னொருவர் பேசக் கூடாது. க.பெ. தலையசைத்தார். சுகுமார் உட்கார்ந்தான்.

அய்யனார்: "வெட்டக் கத்துக் குடுத்ததே இவதான். இவ வாயாலயே கேளுங்க, தம்பி விக்கறது இன்னா கோழின்னு. சொல்லுடி. புருஷன் பொய் சொல்றானா, தம்பி பொய் சொல்றானா?"

கூடம் முழுவதும் அஞ்சலாட்சியைப் பார்த்தது. அவர் தரையைப் பார்த்தார்.

"சபையில வெச்சி என்ன வெட்றீங்களே" என்றார். மெதுவாகத்தான்.

மணி அடித்தேன். வரிசைப்படி அடுத்தது சுகுமார். நிமிடத்தைத் தொடங்கினேன்.

அவன் மைக் பக்கம் போகவில்லை. அடுப்புக்குப் போனான். தோள் துண்டால் எண்ணெய்ச் சட்டியின் இரண்டு காதையும் பிடித்தான். போண்டா மாஸ்டர், "தம்பி, சூடு, சூடு" என்றார். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை. அது அவன் நிமிடம்.

அய்யனார் எழுந்திருக்கவே இல்லை. எழுந்தது அஞ்சலாட்சி. தம்பியின் இரண்டு கையையும் பிடிக்கப் போனார்.

முகத்தில், கழுத்தில், இடது தோளில். அந்தச் சத்தத்தை எழுத வராது. டாக்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்த்தார், அடுத்த கேனையும். பட்டு ஒட்டிக்கொண்டுவிட்டது.

சுகுமார் வெறும் சட்டியோடு நின்றான். "அக்கா" என்றான். அய்யனார் இரும்பு நாற்காலியை மடக்கி அவன் தலையில் அடித்தார். விழுந்த பிறகும் அடித்தார். நாற்காலியின் கால் கழன்ற பிறகு அந்தக் காலால் அடித்தார். பெயின்ட் கடைக்காரரும் அவர் விருந்தினரும் சேர்ந்து பிரிக்க வேண்டியிருந்தது. தரையெல்லாம் எண்ணெய், வழுக்கி விழுந்தவர்கள் பலர்.

அப்போது என் கையில் மணி அடித்தது. கடிகாரத்தை நிறுத்தவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 18, வியாழன்

புழுக்கம். தூக்கம் இல்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரிடம் வாக்குமூலம்.

"அவன் அடுப்புக்குப் போகும்போது நீங்க ஏன் தடுக்கல?"

"அவருடைய நிமிடம்."

எழுதினார். என்னை ஒருமுறை பார்த்தார். அந்த வரியை அடித்துவிட்டார்.

அய்யனார் ரிமாண்ட். சுகுமார் பெரியாஸ்பத்திரியில், மண்டை ஓட்டில் விரிசல், கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ். பெண்ணின் அப்பா ஆட்டுக்கறிக்கு மாறிவிட்டார்.

வட்டத்தின் அவசரக் கூட்டம். அடுப்பை அகற்றத் தீர்மானம். முன்மொழிந்தவர் க.பெ. வழிமொழிந்தவன் நான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மனைவி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். நான் போகவில்லை, மடுகரை அழைப்பிதழ் வேலை இருந்தது. சாப்பிடும்போது கேட்டேன்.

"கண்ணு ரெண்டும் தப்பிச்சிது. அதுக்குமேல என்ன கேக்காதீங்க."

ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டேன்.

நவம்பர் 5, புதன்

மழை. வாய்க்கால் நிரம்பி ரோட்டில் தண்ணீர்.

சுகுமாரையும் ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயிலுக்கு மாற்றிவிட்டார்கள். மாமனும் மச்சானும் இப்போது ஒரே ஜெயிலில். இரண்டு கடையையும் அஞ்சலாட்சி திறந்திருக்கிறார். காலையில் இந்தப் பக்கம், மாலையில் அந்தப் பக்கம்.

கோழி நாற்காலி அவருக்கு. போட்டி மனு இல்லை. வகைப்பாடும் தேவைப்படவில்லை. பிஸ்கட்டும் டீயும். அவர் முறை வந்ததும் கடிகாரத்தை அழுத்தினேன். முந்தானையைத் தலையோடு இழுத்துப் பிடித்தபடி எழுந்தார். "ரெண்டு கடையும் தெறந்துதான் இருக்குது. வாங்க" என்றார். உட்கார்ந்தார். மீதி நிமிடம் மழைச் சத்தம் கேட்டோம்.

கூட்டம் முடிந்து அச்சகத்துக்கு வந்தார். அட்டை கணினியில் அப்படியே இருந்தது. திறந்தேன்.

"போட்டோவ எடுத்துடுங்கண்ணே. கோழி படம் போடுங்க."

"எந்தக் கோழி?"

"எதுனா."

வெள்ளைக் கோழி போட்டு அடித்துக் கொடுத்தேன்.