சிம்மத்துக்கு ஏன் இத்தனை தடை?

பேர் சொல்லிக் கூப்பிட்டே பழகாத என் தர்ஷினியின் அப்பாவுக்கு,

ஆடிப்பெருக்குக்கு, அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளை வைத்து ஆல்பம் போட்டாயிற்று. சாமி படத்தில்தான் இந்த வருஷமும் ஆர்டர் அதிகம். அச்சகம் ஓடுகிறது, நானும் ஓடுகிறேன். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. உங்கள் மகளுடைய காலேஜ் விஷயத்தைக் கெடுத்துவிட்டேன். வெளியில் யாரிடமும் சொல்ல முடியவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

அவள் வரலாறுதான் படிப்பேன் என்று நின்றாள். நம் பைண்டிங்குக்கு வருகிற தாயில்பட்டிப் பெண்களிடம் உட்கார்ந்து, அவர்கள் அம்மாக்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், முதல் கூலியில் என்ன வாங்கினார்கள் என்று கேட்டு மூன்று நோட்டு எழுதி வைத்திருக்கிறாள். டெல்லியில் ஒரு பெண்கள் காலேஜ். அதன் பேரைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள். நுழைவுத் தேர்வில் மார்க் நன்றாக இருந்தாலும் இங்கிருந்து ஒரு பிள்ளைக்கு அங்கே இடம் கிடைக்குமா என்று எனக்கு எப்படித் தெரியும்? மதுரையில் இதற்கென்றே ஆலோசனை சொல்கிறவர் இருக்கிறார் என்றார்கள். கூட்டிக்கொண்டு போனேன்.

"ஆர்ட்ஸ் குரூப்பா? சயின்ஸ் இல்லையா?" என்றுதான் ஆரம்பித்தார். படிப்பைத் தவிர வேறென்ன செய்வாய் என்று கேட்டார். "எங்க காலண்டருக்கு ராசிபலன் எழுதுவேன் சார்" என்றாள். அவர் சிரித்துவிட்டு, அதை வெளியில் சொல்லாதே என்றார். நோட்டை அவள் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

கடைசியில் ஒரு தாள் கொடுத்தார். ஒவ்வொரு காலேஜுக்கும் நேராக ஒரே ஒரு வார்த்தை. உறுதி. பார்க்கலாம். சிரமம். அவள் கேட்ட காலேஜுக்கு நேரே சிரமம்.

நீங்கள் இருந்திருந்தால் அந்தத் தாளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். பன்னிரண்டு ராசிக்கும் தினம் ஒரு வார்த்தை நீங்கள்தானே எழுதுவீர்கள்? "எல்லாத்துக்கும் நல்லது போட்டா எவனும் நம்பமாட்டான். தினம் மூணு ராசிக்காவது கெட்டது போடணும். ஆனா ஒரே ராசிக்கு ரெண்டு நாள் தொடர்ந்து போடக் கூடாது" என்பீர்கள். இருபது வருஷம் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அப்படிப்பட்டவள், முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய ஒற்றை வார்த்தையை நம்பினேன். என்னை எதால் அடிப்பது?

டெல்லி காலேஜ்களுக்கெல்லாம் ஒரே விண்ணப்பம்தான். அதில் எந்தக் காலேஜ் வேண்டும் என்று வரிசையாகப் போட வேண்டும். நம் தொழிலில் உறுதியான பார்ட்டியின் லோடைத்தானே முதலில் ஏற்றுவோம்? அதே கணக்கில் 'உறுதி' என்றிருந்த காலேஜை முதலில் போடச் சொன்னேன். அவள் கேட்டது நாலாவதாகப் போயிற்று. "அம்மா, பிடிச்சதத்தான் மேல போடணுமாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாகிவிடும் என்றேன். நான் சொன்னபடியே போட்டாள்.

இடம் ஒதுக்குகிற கம்ப்யூட்டர் அந்த வரிசையை மேலிருந்து கீழே பார்க்குமாம். மார்க் எந்தக் காலேஜுக்கு முதலில் பொருந்துகிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுமாம். கீழே இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காதாம். இது அந்த ஆலோசனைக்காரர் சொல்லாத விஷயம், நானும் கேட்காத விஷயம். முதல் காலேஜே கிடைத்தது. அங்கே பெண்களுக்கு ஹாஸ்டல் இல்லை. அவள் கேட்ட காலேஜில் ஹாஸ்டல் உண்டு, கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையைவிட இவளுக்கு மார்க்கும் அதிகம். இனி மாற்ற முடியாது என்றுவிட்டார்கள்.

உங்கள் தம்பி வந்தார். "ஹாஸ்டல் இல்லாத ஊர்ல பொம்பளப் பிள்ளைய எங்கன விடுவீக மதினி? பேசாம இங்கனயே பி.காம் சேத்துவிடுங்க. கம்பெனிக்கும் ஆளாச்சு" என்றார். அவள் உடனே சரி சித்தப்பா என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் இந்தப் பிள்ளை எதற்குமே சண்டை போட மாட்டேன் என்கிறது?

போன வாரம் அதற்கும் பதில் கிடைத்தது. சாத்தூர் ஏஜெண்ட் புது ஆர்டர் சொல்லப் போன் பண்ணினார். "அக்கா, சிம்ம ராசிக்காரங்க மேல அப்படி என்ன கோவம்? வருசம் பூரா தடை, கவலை, நஷ்டம்னே போட்டிருக்கீக. எங்க வீட்டம்மா தாளைக் கிழிக்கவே பயப்படுறா" என்றார்.

இந்த வருஷக் காலண்டரை ஜனவரியிலிருந்து புரட்டினேன். போன வருஷம் நீங்கள் போய் முப்பதாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவள் உட்கார்ந்து எழுதியது அது. அன்றைக்கு எனக்கு அதைப் படித்துப் பார்க்கத் தெம்பில்லை. என் துலாத்துக்கு நிம்மதி, ஆதரவு, மகிழ்ச்சி, வரவு. ஒரு நாள்கூடக் கெட்ட வார்த்தை இல்லை. அவளுடைய சிம்மத்துக்கு, உங்கள் சட்டத்தையெல்லாம் மீறி, தொடர்ந்து கெட்டது.

கூப்பிட்டுக் கேட்டேன். "யாருக்காவது போட்டுத்தானம்மா ஆகணும். அப்பா சொல்வாகள்ல" என்றாள்.

"லிஸ்ட் போடும்போதும் இப்படித்தானே வாயை மூடிக்கிட்டு இருந்த? என்கூடச் சண்டை போட்டா என்ன?" என்று கத்திவிட்டேன்.

"நீ அழுதுருவியோன்னு இருந்துச்சும்மா" என்றாள்.

நான் அழுவேன் என்று ஒரு பிள்ளை தன் படிப்பை நாலாவது இடத்தில் போடுமா? அப்படி ஒரு பிள்ளையை வளர்த்துவைத்துவிட்டுப் பாதியில் போய்விட்டீர்களே. கோபமாக இருக்கிறது. அந்த ஆலோசனைக்காரர் மேல், என் மேல், உங்கள் மேலும்தான்.

கிடைத்த சீட்டை விட்டாயிற்று. பி.காமும் இல்லை என்று உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டேன். "ஒரு வருசம் வீணாப் போகுமே மதினி" என்றார். போகட்டும். அடுத்த வருஷம் நுழைவுத் தேர்வை மறுபடி எழுதுவாள். இதே மார்க் வருமா, இடம் இருக்குமா, யார் கண்டது? இனி யாருடைய வார்த்தையையும் காசு கொடுத்து வாங்க மாட்டேன். அவள் பட்டியலில் என் கை படாது. இது உங்கள் மேல் சத்தியம்.

அடுத்த வருஷக் காலண்டருக்கு நேற்று எழுத உட்கார்ந்தாள். சிம்மத்தை விட்டுவிட்டு என் துலாத்துக்கு 'அலைச்சல்' போடு என்றேன்.

"எத்தன நாளைக்கும்மா?" என்றாள்.

"நீ அங்க சேர்ற வரைக்கும்" என்றேன்.

இப்படிக்கு,
அழாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கும்
உங்கள் தர்ஷினியின் அம்மா