எட்டு மணித் தொடரும் இரண்டு சம்பந்திகளும்

ஜூன் 8

மதிப்பிற்குரிய சம்பந்திக்கு,

நான் நலம். நீங்களும் மாப்பிள்ளையும் என் மகளும் பேத்தியும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். வயிறு எரிகிறது.

எட்டு மணித் தொடரில் இந்த வாரம் நடந்த அக்கிரமத்தைப் பார்த்தீர்களா? போன வருஷம் லாரித் தீயில் கருகிச் செத்தானே பெரிய மகன், அவன் சிரித்துக்கொண்டே வாசலில் வந்து நிற்கிறான். அது போகட்டும். சாகும்போது இடது கன்னத்தில் இருந்த தழும்பு இப்போது வலது கன்னத்தில் இருக்கிறது. தழும்பு என்ன வாடகைக்கா குடியிருக்கிறது, வீடு மாற்ற? எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஞாபகமும் இருக்காது என்று நினைத்துக்கொண்டு படம் எடுக்கிறான்கள். அந்த வீட்டில் ஒட்டுக்கேட்காத ஆள் ஒருத்தர் உண்டா? கதவுக்குப் பின்னால், திரைக்குப் பின்னால், சுவரோடு சுவராக. மானங்கெட்ட ஜென்மங்கள்.

பாட்டுப் போட்டியில் அந்தப் பெண் வாயைத் திறக்கும் முன்பே நடுவர் அழுகிறார். செய்தி விவாதத்தில் எட்டு ஜன்னலில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். நம் பஸ் டிப்போவில்கூட ஒருத்தன் மூச்சு வாங்கின பிறகுதான் அடுத்தவன் திட்டுவான்.

உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள். போனில் வேண்டாம். போனில் நீங்கள் "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள்.

இதை எழுதுகிறவர் எதிர் மருந்துக்கடை அம்மா. நான் சொன்ன சில வார்த்தைகளை எழுத மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். அந்த இடங்களை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி, டிரைவர்


ஜூன் 15

அன்புள்ள சம்பந்திக்கு,

கடிதம் கிடைத்தது. வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு யாராவது வந்துவிடுவார்களோ என்று அடக்கிக்கொண்டேன்.

நீங்கள் சொல்வது நியாயம். பாட்டுப் போட்டியில் அந்தப் பெண் இரண்டாவது சரணத்தில் சுருதி விட்டதை எந்த நடுவரும் சொல்லவில்லை. எட்டு மணித் தொடரில் புதன்கிழமை பத்து நிமிஷம் வெறும் வயலின்தான். வசனம் எழுதுகிறவருக்குச் சம்பளம் போடவில்லை போலிருக்கிறது. புதிதாக வந்திருக்கும் வில்லன் மட்டும் தேவலை. என்ன குரல்! ஆறடி ஆள் அல்லவா, கட்டிலைத் தரையில் இழுப்பதுபோல இருக்கிறது. சமையல் போட்டியில் அந்தப் பெரியம்மாவை ஏன் வெளியேற்றினார்கள்? எவ்வளவு அடக்கமாகப் பேசுகிறவர்.

ஒன்று மட்டும் சொல்வேன். ஒட்டுக்கேட்கிறவர்களை அவ்வளவு திட்டாதீர்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லாமலும் இருக்கலாம்.

உங்கள் மகள் என்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறாள். வேளைக்குச் சாப்பாடு, துவைத்த துணி. ஒரு குறையும் இல்லை.

அன்புடன்,
சம்பந்தி


ஜூன் 21

மதிப்பிற்குரிய சம்பந்திக்கு,

நீங்கள் எந்தத் தொடரைப் பார்க்கிறீர்கள்? நான் பார்க்கும் தொடர் அது இல்லை.

புதன்கிழமை வெறும் வயலினா? ஐயா, அந்தப் பத்து நிமிஷத்தில்தானே எல்லாமே நடந்தது! சக்கர நாற்காலியில் கிடந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து நடந்து போய், பீரோவைத் திறந்து, நிலப் பத்திரத்தை எடுத்து அடுப்பில் போட்டான். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வில்லன் ஆறடியா? உட்கார்ந்தால் அவன் கால் தரையில் படாது! குரல் மட்டும்தான் எங்கோ இரவல் வாங்கியது. உங்கள் அடக்கமான பெரியம்மா அடுத்தவளுடைய பானையில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டதை மூன்று தடவை காட்டினான். அவளுக்கு வக்காலத்தா?

முப்பது வருஷம் என் வண்டியில் கண்டக்டராக நின்றவர் நீங்கள். படிக்கட்டில் தொங்குகிறவன் டிக்கெட் எடுத்தானா இல்லையா என்று பின்னாலிருந்தே சொல்லும் கண்ணுக்கு என்ன வந்தது? டாக்டரிடம் காட்டுங்கள். மாப்பிள்ளைக்கு நேரமில்லை என்றால் என் மகளைக் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

கோபத்துடன்,
டிரைவர்


ஜூன் 27

அன்புள்ள சம்பந்திக்கு,

கண்ணில் கொஞ்சம் மங்கல்தான். வயசு. டாக்டர் வேண்டாம், வீட்டில் யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

ஒரு உதவி. இனி எழுதும்போது கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். சக்கர நாற்காலிக்காரர் எழுந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது? மூத்த மருமகள் அழுகிறாளே, உண்மையாகவா, கைக்குட்டைக்குப் பின்னால் சிரிக்கிறாளா? வியாழக்கிழமை ஏதோ உடைந்தது. அது என்ன, கண்ணாடியா, தட்டா? உங்கள் கடிதம் வந்தால்தான் எனக்கு அந்த வாரம் முழுசாகிறது.

அன்புடன்,
சம்பந்தி


ஜூலை 3

சம்பந்திக்கு,

உடைந்தது பூச்சாடி. அது கிடக்கட்டும்.

உங்கள் கடிதத்தை மருந்துக்கடை அம்மாவிடம் கொடுத்து எழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பொடி எழுத்தாம், எறும்பு வரிசை மாதிரி நேராக இருக்கிறதாம். மங்கின கண்ணா அப்படி எழுதும்? ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன். சுருதி தப்பினது தெரிகிறது. குரல் தெரிகிறது. உடைந்த சத்தம் தெரிகிறது. உடைந்த சாமான் தெரியவில்லை. காதுக்கு எட்டினது எல்லாம் சரி, கண்ணுக்கு எட்ட வேண்டியது எல்லாம் தப்பு.

என் மகளுக்குப் போன் போட்டேன். "மாமா எங்கே உக்காந்து டிவி பாக்கறாரு?" என்றேன். "அவர் ரூம்லதாம்ப்பா இருக்காரு, அவருக்கு அதுதான் சௌகரியம்" என்றாள்.

"ரூம்ல டிவி இருக்கா?"

"இல்லப்பா. அவருக்கு இருமல். புது சோபா வேற. நாலு பேரு வந்து போற எடம்... அவரே ஒண்ணும் கேக்கலையே."

"கேக்க மாட்டான்டி. பஸ்ல சில்லறை பாக்கியைக்கூடப் பயணி கேக்குறதுக்கு முன்னாடி தேடிப் போய்க் குடுக்கறவன் அவன்" என்றேன். அதற்குமேல் நான் சொன்னதை இந்த அம்மா எழுத மறுக்கிறார். மாப்பிள்ளை போனை வாங்கினார். அவருக்கும் விழுந்தது.

டேய். பிள்ளைகள் கல்யாணத்துக்கு முன்னால் வாடா போடா என்று கிடந்தோம். அப்புறம் சம்பந்தி என்று மரியாதையைப் போட்டு என்னை வெளியே நிறுத்திவிட்டாய். என் மகள் என்பதால்தானே என்னிடம் மறைத்தாய்? வேறு எவன் மகளாவது இப்படிச் செய்திருந்தால் முதல் கடிதத்திலேயே எழுதியிருப்பாய். சுவரில் காதை வைத்துத் தொடர் கேட்டுக்கொண்டு, ஒரு குறையும் இல்லை என்று எனக்கு எழுதுகிறாய். உன் சொந்த மகன் வாங்கின வீட்டில்!

டிரைவர்


ஜூலை 12

சம்பந்திக்கு,

நீங்கள் போன் செய்திருக்க வேண்டாம்.

உங்கள் மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஹாலில் எனக்கு ஒரு நாற்காலி போட்டாள், குஷன் வைத்து. எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பேத்தி படிக்க வேண்டும் என்று எழுந்து போனாள். மகனுக்குப் போன் வந்தது. உங்கள் மகள் சமையலறையில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு பெரிய ஹாலில் நானும் அந்தக் குட்டை வில்லனும்தான் இருந்தோம். நீங்கள் சொன்னது சரி, அவன் கால் தரையில் படவில்லை.

அடுத்த நாள் இருமல் என்று சொல்லி நானே அறைக்குத் திரும்பிவிட்டேன். இப்போது ஹாலில் மறுபடி எல்லோரும் உட்காருகிறார்கள். ஆனால் எனக்குத் தெரிந்துவிடுமோ என்று சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டார்கள். முன்பெல்லாம் தொடர் மட்டுமா கேட்டது? நடுநடுவே பேத்தி அந்த வில்லனைப் போலப் பேசிக் காட்டுவாள். உங்கள் மகள் சிரிப்பாள். இந்தப் பக்கம் நானும் சிரிப்பேன். இப்போது மின்விசிறிச் சத்தம்தான்.

அவள் கெட்டவள் இல்லை. நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் திட்டியதில் நான் அவளுக்கு எதிராளி ஆகிவிட்டேன். தொடரைப் பற்றி எழுத இனி என்னிடம் ஒன்றும் இல்லை. கடிதம் வந்தால் என்ன எழுதியிருக்கிறதோ என்று வீடே என் முகத்தைப் பார்க்கிறது. அதனால் இனி எழுத வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி


ஜூலை 17

டேய் கண்டக்டர்,

எழுத வேண்டாம் என்றாய். சரி, இதற்குமேல் எழுதவில்லை. வருகிறேன்.

நீ விசில் கொடுக்காமல் நான் வண்டியை எடுத்ததே கிடையாது. முதல் தடவையாக எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியோடு உன் வாசலில் நிற்பேன். எத்தனை நாளைக்கு என்று என் மகள் கேட்டால், தொடர் முடிகிறவரை என்பேன். அந்தத் தொடர் என்றைக்கு முடியும் என்று அவளுக்கே தெரியாது.

பயப்படாதே, யாரையும் திட்ட வரவில்லை. நான் போனில் கத்தினது தப்புத்தான், அது உன் தலையில் விடிந்திருக்கிறது. இந்த முறை அவர்களிடம் அதைப் பற்றி வாயைத் திறக்கப் போவதில்லை. எட்டு மணிக்கு உன் அறையில், உன் கட்டிலில், உன் பக்கத்தில் உட்காரப் போகிறேன். எனக்குக் காது பாதிதான் கேட்கும், எஞ்சினுக்குப் பக்கத்திலேயே ஆயுசு போய்விட்டது. அதனால் அங்கே என்ன நடக்கிறது என்று நீ கேட்டு என் காதில் சொல்ல வேண்டும், சத்தமாக. அங்கே சத்தத்தைக் குறைத்திருந்தால் நீயே கதை கட்டிச் சொல். கேட்டதும் நான் திட்டுவேன், அதுவும் சத்தமாக. அந்தத் தழும்புக்காரனையும் பத்திரத்தை எரித்தவனையும் திட்டுகிற திட்டில் ஹாலில் இருக்கிறவர்களுக்கு ஒரு வசனம் காதில் விழக்கூடாது.

பெற்ற அப்பன் பின்னறையில் உட்கார்ந்திருப்பதை என் மகள் எத்தனை ராத்திரி பொறுப்பாள் என்று எனக்குத் தெரியும். முதல் ராத்திரியே வந்து "அப்பா, ஹாலுக்கு வாங்க" என்பாள். எழுந்திருக்க மாட்டேன். குஷனோடு நாற்காலி கொண்டுவந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். "அப்பா, மாமா, ரெண்டு பேரும் வாங்க, நாங்களும் உக்காந்துக்கறோம்" என்று அவள் வாயால் வரவேண்டும். அதுவரை பின்னறைதான்.

கட்டிலில் சுவர்ப் பக்கம் எனக்கு.

டிரைவர்