ஒரே பேசினில் ஐந்து பேர் கை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக வலித்துக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். எட்டு மாதத்தில் பிறந்தவள் மூன்று கிலோவைத் தொட்டுவிட்டாள் என்று அப்பா சைக்கிள் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள் என்று நீ சொன்னதற்கு உன் மாமியார், நாலு பெத்து வளர்த்த கை, இதுல என்ன அழுக்கைக் கண்டே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு நாளாகப் பிள்ளை பக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தாய். கை கழுவச் சொல்வதைப் போகட்டும் என்று விட்டுவிடவா என்று கேட்கிறாய். விடாதே.

இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். தெருக்குழாய்த் தண்ணீரை மிச்சம் பிடிக்க எல்லாரும் கை கழுவ வாசலில் நான் ஒரு பேசின் தண்ணீர் வைப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? மத்தியானம் கிரீஸ் கையோடு வரும் அப்பா முதலில், பிறகு நான், அண்ணன்கள், கடைக்குட்டி நீ கடைசி. ஐந்து பேருக்கு ஒரே பேசின் போதும் என்று எனக்கு அவ்வளவு பெருமை. அந்தக் கறுப்புத் தண்ணீரை அளைந்துகொண்டு மீன் பிடிக்கிறேன் என்பாய், சாப்பாடு ஆறிப்போகும். அந்தச் சின்னக் கை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. நாலு வயதில் உனக்கு வயிற்றுப்போக்கு வந்து, கண் இரண்டும் குழிவிழுந்து, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். எல்லாம் தெருவில் குச்சி ஐஸ் விற்ற ஐஸ்காரரால் என்று தெருவே கேட்கத் திட்டினேன். பிறகு ஊசி போட வீட்டுக்கு வந்த நர்சம்மா பேசினைப் பார்த்துவிட்டு, ஏம்மா, நாலு பேர் அழுக்கையும் சேர்த்து இந்தப் பிஞ்சுக்குக் குடுக்கிறியே, இதுக்குப் பேரு கழுவறதா என்றார். சுருக்கென்றது. அன்றிலிருந்து செம்பில் மொண்டு ஊற்றி, சோப்புப் போட்டு, இருபது எண்ணும்வரை தேய்க்க வைத்தேன், நீ எப்போதும் பதிமூன்றை விட்டுவிடுவாய். ஆனால் பழியை ஐஸ்காரர் மேலேயே விட்டுவைத்தேன். ஐந்தாவது வரை படித்தவள் என்று தெருவில் பீற்றிக்கொண்டிருந்தவளுக்குத் தப்பு என் பேசினில்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அதனால் உன் மாமியார் மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்த மாதம் நான் வந்து இறங்கியதும், அவர் பார்க்க, அம்மா, மொதல்ல கையைக் கழுவு என்று என்னை நன்றாக அதட்டு. பெற்றவளையே விடவில்லை என்று அவர் மனசு ஆறட்டும். நான் கழுவிவிட்டு சோப்பை அவர் கையில் கொடுக்கிறேன். பிள்ளையை முதலில் அவரிடம் கொடு. நான் காத்திருக்கிறேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள், மறக்காதே.

உன்னைப் பெற்றவள்,
குட்டியின் பாட்டி